ஒரே கட்டுரை, இரண்டு மதிப்பெண்



நம் வீட்டுக்கு ஒரு வழக்கு வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நல்ல வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப் போகிறோம். அது நிலத் தகராறாக இருக்கலாம். சம்பளப் பாக்கியாக இருக்கலாம். விபத்துக்கு இழப்பீடாக இருக்கலாம். "ஐயா, எங்களுக்கு நியாயம் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்கிறோம். நமக்குத் தெரியாத சட்டத்தை அவர் அறிந்திருக்கிறார். நம்மால் பேச முடியாததை நமக்காக எழுந்து நின்று பேசுகிறார். ஆகவேதான் அந்தத் தொழிலுக்கு ஊரில் அத்தனை மதிப்பு.

சரி, பிறருக்கு நியாயம் கேட்டு நிற்கும் அந்த வழக்கறிஞருக்கே நியாயம் மறுக்கப்பட்டால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்? படிப்பில் குறை இல்லை. திறமையில் குறை இல்லை. தோலின் நிறம் ஒன்றுதான் குறை என்று கதவு சாத்தப்பட்டால் அவர் என்ன செய்வார்? அமெரிக்க நாட்டுக் கறுப்பின வழக்கறிஞர்கள் ஏறத்தாழ 180 ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு வாழ்ந்து வருகிறார்கள். அவர்கள் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கதையின் முடிவில் நம் வீட்டுக்கும் நம் வகுப்பறைக்கும் உரிய ஒரு பாடம் இருக்கிறது.

அமெரிக்காவில் வழக்கறிஞராக உரிமம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் மேக்கன் போலிங் ஆலன் என்பவர். அவர் முதலில் ஒரு பள்ளி ஆசிரியர். பின்னர் மேய்ன் மாநிலத்துக்குச் சென்று, அங்கே ஒரு வழக்கறிஞரிடம் இருந்து சட்டம் பயின்றார். முதல் முறை விண்ணப்பித்தபோது, "நீ இந்நாட்டின் குடிமகன் அல்லன்" என்று காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. தேர்வு எழுதித் தேறி, 1844ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். அந்த நாளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால், உரிமம் கிடைப்பது வேறு. தொழில் கிடைப்பது வேறு. இதை ஒரு பெண்மணியின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. அவர் பெயர் சார்லட் ரே. அடிமை முறை ஒழிந்த பிறகு தலைநகர் வாஷிங்டனில் கறுப்பின மக்களுக்கென்று ஹவார்ட் பல்கலைக்கழகம் எழுந்தது. சார்லட் ரே அங்கே பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே சட்டமும் படித்தார். 1872ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞரானார். கணவனின் கொடுமையிலிருந்து விடுதலை கேட்ட ஒரு பெண்ணுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். சட்ட அறிவில் அவரைக் குறை சொல்ல எவராலும் முடியவில்லை. எனினும், கறுப்பினத்தவர் என்றும் பெண் என்றும் பார்த்து, வழக்கோடு அவரிடம் வருவோர் குறைவாகவே இருந்தார்கள். அலுவலகத்தை நடத்த வருமானம் போதவில்லை. சில ஆண்டுகளில் அலுவலகத்தை மூடிவிட்டு நியூயார்க்குக்குத் திரும்பிப் பள்ளி ஆசிரியையாகிவிட்டார்.

ஆசிரியர் தொழில் தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நானும் ஆசிரியன்தான். ஆனால் விரும்பி வருவது வேறு; துரத்தப்பட்டு வருவது வேறு அல்லவா?

தனி மனிதர்கள் மட்டும் கதவைச் சாத்தினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அமைப்புகளும் சாத்தின. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் என்பது அந்நாட்டு வழக்கறிஞர்களின் பெரிய சங்கம். 1912ஆம் ஆண்டில் கறுப்பின வழக்கறிஞர்கள் மூவர் அதில் உறுப்பினராகிவிட்டது தெரியவந்தது. அவர்கள் இன்ன இனத்தவர் என்று தெரியாமல் சேர்த்துக்கொண்டார்களாம்! அவர்களில் ஒருவரான வில்லியம் லூயிஸ் சாதாரண ஆள் அல்லர். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். அமெரிக்க அரசாங்கத்தின் துணைச் சட்டத்துறைத் தலைவராக அதிபரே நியமித்தவர். நாட்டு அரசாங்கத்துக்காக வாதாடத் தகுதி பெற்றவர், சங்கத்தில் உட்காரத் தகுதியற்றவராகிவிட்டார்! சங்கத்தின் செயற்குழு அவர்களுடைய உறுப்பியத்தை நீக்கத் தீர்மானித்தது. சட்டத்துறைத் தலைவர் தலையிட்டுக் கண்டித்ததால் லூயிஸ் வெளியேற்றப்படவில்லை. ஆனால் சங்கம் வேறொரு வழி கண்டுபிடித்தது. இனிச் சேர விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டது. அதன் பொருள் என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1943ஆம் ஆண்டில்தான், இனம் உறுப்பியத்துக்குத் தடையாகாது என்று அச்சங்கம் தீர்மானம் போட்டது.

இடையில் கறுப்பின வழக்கறிஞர்கள் கை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1925ஆம் ஆண்டில் ஐயோவா மாநிலத்தில் கூடித் தங்களுக்கென்று தேசிய வழக்கறிஞர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் மொத்தம் 12 பேர். அவர்களில் ஒருவர் பெண். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

நேயர்களே, இந்தப் போராட்டத்தின் மையத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார் என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். அவர் பெயர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். முதல் உலகப் போரில் இராணுவ அதிகாரியாகப் பணியாற்றியபோது, கறுப்பின வீரர்கள் மீது நியாயமின்றிக் குற்றம் சுமத்தப்படுவதை அவர் கண்ணால் கண்டார். உயிரோடு ஊர் திரும்பினால் சட்டம் படிப்பேன் என்று உறுதி செய்துகொண்டார். அவ்வாறே ஹார்வர்டில் படித்துத் தேறி, 1929ஆம் ஆண்டில் ஹவார்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அது அப்போது மாலை வகுப்புப் பள்ளி. அதை முழுநேரப் பள்ளியாக மாற்றினார். 1931க்குள் அதற்கு முழு அங்கீகாரம் வாங்கித் தந்தார். மாணவர்களை ஈவு இரக்கமின்றி வேலை வாங்கினார். வெள்ளை வழக்கறிஞர் ஒரு முறை படித்துவிட்டு வந்தால் போதும். நீங்கள் மூன்று முறை படித்துவிட்டு வர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த மாணவர்கள்தாம் பிற்காலத்தில் நாட்டின் சட்டத்தையே திருப்பினார்கள்.

அவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பால்டிமோர் நகரத்துக்காரர். அவர் வீட்டுக்கு அருகிலேயே மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி இருந்தது. ஆனால் அது கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே, அவர் நாள்தோறும் விடியற்காலையில் ரயிலேறி, வாஷிங்டனிலுள்ள ஹவார்டுக்குப் போய்ப் படித்துவிட்டு இரவில் திரும்பினார். அவருடைய தாயார் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. மகனின் கட்டணத்துக்காகத் தம் திருமண மோதிரத்தை அடகு வைத்தார். 1933ஆம் ஆண்டில் மகன் வகுப்பில் முதல் மாணவனாகத் தேறினான்.

தேறியதும் அவர் செய்த முதல் பெரிய வேலை என்ன தெரியுமா? தம்மைப் போன்றோரைச் சேர்க்க மறுத்த அதே சட்டப் பள்ளியின் மீது வழக்குத் தொடுத்ததுதான். டொனால்ட் மரே என்ற மாணவனுக்காக ஆசிரியர் ஹூஸ்டனும் மாணவர் மார்ஷலும் சேர்ந்து வாதாடினார்கள். 1935இல் கீழ் நீதிமன்றமும் 1936இல் மாநில மேல் நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தன. மரே அந்தப் பள்ளியில் சேர்ந்து 1938இல் பட்டம் பெற்றார். இன்று அந்தச் சட்டப் பள்ளியின் நூலகத்துக்குத் தர்குட் மார்ஷல் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

தெற்கே டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. ஹீமன் ஸ்வெட் என்பவர் அங்கே தபால்காரர். 1946ஆம் ஆண்டில் அவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதால் மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனதும், மாநில அரசு அவசர அவசரமாகக் கறுப்பினத்தவருக்கென்று ஒரு தனிச் சட்டப் பள்ளியைத் திறந்தது. எங்கே? ஆஸ்டின் நகரில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சில அறைகளில்! பெரிய பல்கலைக்கழகத்தில் 16 முழுநேரப் பேராசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000 புத்தகங்கள். ஸ்வெட்டுக்கோ கீழ்த்தள அறை. "இரண்டும் சமம்தானே, இங்கே வந்து படி" என்றார்கள். அவர் போகவில்லை.

1950ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்வெட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறியது. அந்தத் தீர்ப்பில் ஓர் ஆழமான கருத்து இருக்கிறது. சட்டத்தைப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கற்க முடியாது. நாளைக்கு யாரோடு சேர்ந்து தொழில் செய்யப் போகிறோமோ, எந்த வழக்கறிஞர்களையும் சாட்சிகளையும் நீதிபதிகளையும் சந்திக்கப் போகிறோமோ, அவர்களோடு பழகித்தான் கற்க வேண்டும். மாநில மக்களில் 100க்கு 85 பேரை விலக்கிவிட்ட பள்ளி எப்படிச் சமமாகும் என்று நீதிமன்றம் கேட்டது.

ஹூஸ்டன் அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. சுமார் ஆறு வாரங்களுக்கு முன்புதான், தம் 54ஆம் வயதில் காலமாகிவிட்டார். தபால்காரர் ஸ்வெட்டும் பட்டம் பெறவில்லை. நான்காண்டு அலைச்சல் அவர் உடல் நலத்தைக் கெடுத்திருந்தது, இல்லறமும் உடைந்தது. 1952இல் படிப்பைக் கைவிட்டார். பிற்காலத்தில் ஆஸ்டின் நகர நீதிமன்றக் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். வழி வெட்டியவர் எல்லாரும் அந்த வழியில் நடந்து போவதற்குக் கொடுத்து வைப்பதில்லை, நேயர்களே.

கறுப்பின வழக்கறிஞருக்கு அக்காலத்தில் வருமானம் மட்டுமல்ல, உயிரும் ஆபத்தில்தான் இருந்தது. 1946ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள். டென்னசி மாநிலத்தில் கொலம்பியா என்ற சிற்றூர். அங்கே ஒரு கலவரத்தில் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின மக்களுக்காக மார்ஷல் வாதாடி, பெரும்பாலோரை விடுதலை செய்வித்திருந்தார். அன்று கடைசி வழக்கு முடிந்தது. மாலையில் இரண்டு வழக்கறிஞர்களோடும் ஒரு செய்தியாளரோடும் காரில் ஊர் திரும்பினார். வழியில் போலீசார் மறித்தார்கள். விட்டுவிட்டு மீண்டும் மறித்தார்கள். முடிவில், மார்ஷல் குடித்துவிட்டுக் காரோட்டினார் என்று சொல்லி அவரை மட்டும் தங்கள் காரில் ஏற்றினார்கள். மற்றவர்களை நேரே போகச் சொன்னார்கள். போலீஸ் காரோ நெடுஞ்சாலையை விட்டு ஆற்றங்கரைப் பக்கம் திரும்பியது. இரவில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவது எதற்கு என்று அந்த வட்டாரத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

உடன் வந்த வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபி என்ன செய்தார்? போகச் சொன்ன வழியில் போகாமல், காரைத் திருப்பிப் போலீஸ் காரின் பின்னாலேயே ஓட்டினார். சாட்சிகள் பின்தொடர்வதைக் கண்ட போலீசார் வேறு வழியின்றி ஊருக்குள் திரும்பினார்கள். அங்கிருந்த மாஜிஸ்திரேட் ஒரு முதியவர். மார்ஷலைக் கூப்பிட்டு வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தார். "இவர் குடிக்கவே இல்லை" என்று சொல்லி, கைது ஆணையில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அன்று ஒரு நண்பரின் துணிவும் ஒரு முதியவரின் நேர்மையும் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்கு மாறானது என்ற தீர்ப்பை வாங்கித் தந்தவரும், 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவரும் அதே மார்ஷல்தான்.

நீதிமன்றத்துக்குள்ளே நடந்த ஒரு சிறு செய்தியையும் சொல்ல வேண்டும். தென் மாநிலங்களில் வெள்ளையரை மரியாதைச் சொல் சேர்த்து அழைப்பார்கள். கறுப்பினத்தவரை, அவர் முதியவரானாலும் கற்றவரானாலும், வெறும் பெயர் சொல்லி அழைப்பார்கள். நம் மொழியில் ஒருவரை "வாருங்கள்" என்றும் அவருக்குப் பக்கத்தில் நிற்பவரை "வா" என்றும் கூப்பிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1963ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தில் மேரி ஹாமில்டன் என்ற இளம்பெண் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் "மேரி" என்று அழைத்துக் கேள்வி கேட்டார். "என் பெயர் மிஸ் ஹாமில்டன், என்னை முறையாக அழையுங்கள்" என்று சொல்லி, அப்பெண் பதில் சொல்ல மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1964இல் அந்தத் தண்டனை தள்ளுபடி செய்யப்பட்டது. சாட்சிக்கு மரியாதை தராத மன்றம், அவர் இனத்து வழக்கறிஞருக்கு மட்டும் தந்திருக்குமா? மரியாதைச் சொல் ஒன்றுக்காக ஒரு பெண் சிறைக்குப் போனார் என்றால், அந்தச் சொல்லின் விலை என்ன என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி வேலை வாய்ப்புக்கு வருவோம். வில்லியம் கோல்மன் என்பவர் ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறியவர். 1948இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சட்ட உதவியாளராகப் பணியாற்றிய முதல் கறுப்பினத்தவர். இத்தகைய தகுதி உள்ளவரை நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு அழைக்க வேண்டாமா? அவருடைய சொந்த ஊரான பிலடெல்பியாவில் பெரிய நிறுவனம் எதுவும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. 1949இல் நியூயார்க்கில்தான் அவருக்கு வேலை கிடைத்தது. அதனால் தினமும் ரயிலில் ஊர் விட்டு ஊர் போய் வந்தார். அவரே பின்னாளில், 1975இல், அமெரிக்க அரசாங்கத்தின் போக்குவரத்து அமைச்சரானார்.

கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற பெண்மணியும் அப்படித்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு, நியூயார்க்கில் ஒரு நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். கதவைத் திறந்தவர் அவர் முகத்தைப் பார்த்ததும் உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார். மோட்லி மார்ஷலோடு சேர்ந்து பணியாற்றினார். உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்குகளில் வாதாடி 9இல் வென்றார். 1966இல் மத்திய அரசு நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியானார்.

நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பார்வை அவரை விடவில்லை. 1975இல், பெண் வழக்கறிஞர்களை வேலைக்கு எடுப்பதில் பாரபட்சம் காட்டியதாக ஒரு பெரிய நிறுவனத்தின் மீது வந்த வழக்கு அவர் முன்னே இருந்தது. "நீங்கள் கறுப்பினத்தவர், பெண், பாரபட்சத்தை அனுபவித்தவர், ஆகவே இவ்வழக்கை நீங்கள் விசாரிக்கக் கூடாது" என்று எதிர்த்தரப்பு கேட்டது. மோட்லி விலக மறுத்தார். இனமும் பாலும் வாழ்க்கைப் பின்னணியும் ஒரு நீதிபதியை விலக்கும் என்றால், இந்த மன்றத்தில் எந்த நீதிபதியும் எந்த வழக்கையும் விசாரிக்க முடியாதே என்பது அவர் கருத்து. சற்று யோசியுங்கள், நேயர்களே. வெள்ளை ஆடவரான நீதிபதியைப் பார்த்து, "நீங்கள் வெள்ளையர், ஆகவே நடுநிலை தவறுவீர்கள்" என்று எவரும் சொல்வதில்லை. ஒருவரின் நிறம் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. மற்றவரின் நிறம் மட்டும் எல்லாருக்கும் கண்ணில் படுகிறது. இதுதான் பாரபட்சத்தின் வேர்.

"ஆசிரியரே, இவையெல்லாம் பழைய கதை; இப்பொழுது காலம் மாறிவிட்டதே" என்று நீங்கள் கேட்கலாம். மாறித்தான் இருக்கிறது. 2003இல் கறுப்பினத்தவர் ஒருவர் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் தலைவரானார். 2022இல் கெட்டான்ஜி பிரௌன் ஜேக்சன் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியாகப் பதவியேற்றார். மோட்லியைத் தம் முன்னோடி என்று அவர் போற்றுகிறார். இருவரும் பிறந்தது செப்டம்பர் 14ஆம் தேதி என்பது ஒரு நல்ல பொருத்தம். ஆயினும், அமெரிக்க மக்களில் 100க்கு சுமார் 13 பேர் கறுப்பினத்தவராக இருக்க, வழக்கறிஞர்களில் 100க்கு சுமார் 5 பேர்தாம் அவர்கள். பெரிய நிறுவனங்களின் பங்காளிகளில், 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 100க்கு 3 பேர்கூட இல்லை.

அமெரிக்காவில் மட்டும்தானா? 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அலெக்சாண்ட்ரா வில்சன் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் வழக்காட நீதிமன்றத்துக்குப் போனார். ஒரே நாளில் மூன்று முறை அவரைக் குற்றம் சாட்டப்பட்டவர் என்று நினைத்துவிட்டார்கள். வாசல் காவலர் குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் அவர் பெயரைத் தேடினார்! நீதிமன்ற நிர்வாகம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. அந்தக் காவலர் கொடியவர் அல்லர். அவர் கண், முகத்தைப் பார்த்ததும், கேட்காமலே முடிவு செய்துவிட்டது. அவ்வளவுதான்.

சட்டம் போட்டு வாசல் கதவைத் திறக்கலாம். கண்ணுக்குள் இருக்கும் கதவைத் திறப்பது எப்படி? இதை நன்றாக விளக்கும் ஓர் ஆய்வு 2014இல் அமெரிக்காவில் வெளியானது. நான் தோட்டப் பள்ளி ஆசிரியன். ஆண்டு முழுவதும் கட்டுரை திருத்துகிறவன். அதனால் அந்த ஆய்வு என் நெஞ்சில் ஆழமாகத் தைத்தது.

ஆய்வாளர்கள் ஒரு சட்டக் கட்டுரையைத் தயாரித்தார்கள். அதில் வேண்டுமென்றே 22 பிழைகளைச் சேர்த்தார்கள். அவற்றில் 7 எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை. எழுதியவர் தாமஸ் மேயர் என்று ஒரு கற்பனைப் பெயரையும் இட்டார்கள். அக்கட்டுரையை 60 மூத்த வழக்கறிஞர்களுக்கு அனுப்பி, திருத்தி 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். 53 பேர் திருத்தி அனுப்பினார்கள். எல்லாருக்கும் போனது ஒரே கட்டுரை. ஒரு வேறுபாடுதான். எழுதியவர் வெள்ளையர் என்று ஒரு சாராருக்கும், கறுப்பினத்தவர் என்று மறு சாராருக்கும் சொல்லியிருந்தார்கள்.

விளைவு என்ன? வெள்ளையர் எழுதியது என்று நம்பியவர்கள் சராசரியாக 4.1 மதிப்பெண் போட்டார்கள். கறுப்பினத்தவர் எழுதியது என்று நம்பியவர்கள் 3.2 போட்டார்கள். அந்த 7 எழுத்துப் பிழைகளில், வெள்ளையர் கட்டுரையில் சராசரியாக 3 பிழைகூடக் கண்ணில் படவில்லை; 2.9தான். கறுப்பினத்தவர் கட்டுரையிலோ 5.8 பிழைகள் கண்ணில் பட்டுவிட்டன. முன்னவரைத் திறமை உள்ளவர், வளரக் கூடியவர் என்று பாராட்டினார்கள். பின்னவரை, இன்னும் நிறைய உழைக்க வேண்டும் என்றார்கள். அது சிறிய ஆய்வுதான். அதை மட்டும் வைத்து நாட்டையே எடை போட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கறுப்பினத்தவர் கட்டுரையில் அவர்கள் இல்லாத பிழையைக் கண்டுபிடிக்கவில்லை. இருந்த பிழையைத்தான் கண்டார்கள். அதே பிழை மற்றவர் கட்டுரையில் இருந்தபோது கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஒருவருக்குக் கண்டிப்பு, மற்றவருக்குச் சலுகை. திருத்தியவர் ஒவ்வொருவரும் தாம் நேர்மையாகத்தான் திருத்தினோம் என்று நம்பியிருப்பார். அங்கேதான் இந்த நோயின் ஆபத்து இருக்கிறது.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் திருத்தும் கட்டுரைகள் நினைவுக்கு வந்தன. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு பையன். வீட்டுப் பாடம் செய்யமாட்டான். அடிக்கடி மட்டம் போடுவான். அவன் புத்தகத்தைத் திறக்கும்போதே என் சிவப்புப் பேனா பிழையைத் தேடத் தொடங்கிவிடும். முதல் வரிசையில் ஒரு பெண் பிள்ளை. அவள் புத்தகத்தை எடுக்கும்போது என் முகம் மலர்ந்துவிடும். நான் நடுநிலையாகத்தான் திருத்துகிறேனா?

சோதித்துப் பார்த்தேன். அட்டையை மூடிப் பெயரை மறைத்தாலும், கையெழுத்தைப் பார்த்தே இன்ன பிள்ளை என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆகவே, நான் திருத்திய கட்டுரைகளைச் சுத்தமாகப் படியெடுத்து, பெயருக்குப் பதில் எண் போட்டு, வேறு வகுப்பாசிரியை ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். அவர் போட்ட மதிப்பெண்ணில் அந்தப் பையனுக்கு நான் போட்டதைவிட நான்கு கூடியிருந்தது. அந்தப் பெண் பிள்ளைக்கு மூன்று குறைந்திருந்தது. நான் அவள் கட்டுரையில் காணாமல் விட்ட ஒற்றுப் பிழைகளை அவர் வட்டமிட்டிருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றிய எனக்கு அது ஒரு பாடம். பையனைக் கூப்பிட்டு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். "ஏன் சார்?" என்று கேட்டான். "நான் சரியாகப் படிக்கவில்லை, தம்பி" என்றேன். அதுதான் உண்மை.

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். துலாக்கோலை அங்கே உவமை காட்டினார். துலாக்கோல் தட்டில் வைத்த பொருளை மட்டும் அறியும். வைத்த கை யாருடையது என்று பாராது. மனிதராகிய நமக்கு அந்தக் குணம் இயற்கையாக வந்துவிடாது. முயன்றுதான் பெற வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. திருத்தும்போது பெயரை மறைக்கலாம். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். நேர்முகத் தேர்வில் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளியும், வீடு வாடகைக்கு விடுகிறவரும், பெண் பார்க்கப் போகும் பெற்றோரும், "நான் ஆளைப் பார்த்தேனா, முகத்தைப் பார்த்தேனா?" என்று ஒரு முறை தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

சார்லட் ரேயிடம் வழக்கோடு போகாமல் திரும்பியவர்களில் பலர் தீயவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். "இவரால் முடியுமா?" என்று ஒரு கணம் தயங்கியிருப்பார்கள், அவ்வளவே. அந்தச் சிறு தயக்கங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் அலுவலகத்தை மூடின. ஆகவே, அன்பர்களே, நாளைக் காலையில் நாம் ஒருவரை எடை போடுவதற்கு முன்னால், நம் துலாக்கோலை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வோம்.